ஜூபிலி ஆண்டும் நீதியின் கணக்கும்
(மன்னார் மறைமாவட்டம் தரும் ஒரு வரலாற்றுப் பாடம்)

நம் பங்கு ஜூபிலி விழாக் கொண்டாடும் இவ்வேளையில், ஜூபிலி என்ற சொல்லின் பொருளைச் சிறிது சிந்தித்தல் நலம். கொடியேற்றம், தேர்ப்பவனி, நன்றித் திருப்பலி, விழா மலர் ஆகிய யாவும் தேவையே. ஆயினும் லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரம் விளக்கும் ஜூபிலி இவற்றினும் ஆழமானது. ஐம்பதாம் ஆண்டில் அடிமைப்பட்டவன் விடுதலை பெற வேண்டும். கைமாறிய நிலம் உரியவனிடம் திரும்ப வேண்டும். பிரிந்தவன் தன் குடும்பத்தோடு சேர வேண்டும். சுருங்கக் கூறின், ஜூபிலி என்பது கணக்குத் தீர்க்கும் ஆண்டு. இக்கண்கொண்டு, கடலுக்கு அப்பால் நம் மொழி பேசும் ஒரு மறைமாவட்டத்தின் வரலாற்றை வாசகர்முன் வைக்க விழைகிறோம்.

மன்னாரும் நாமும்

மன்னார் நமக்கு அந்நிய நாடன்று. புனித சவேரியாரின் முயற்சியால் அங்கு விசுவாசம் வேரூன்றியது. 1544-இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் நூற்றுக்கணக்கான மன்னார் கிறிஸ்தவர்கள் விசுவாசத்திற்காக உயிர் நீத்தனர். மறு ஆண்டே சவேரியார் நம் மயிலைக்கு வந்து, புனித தோமையாரின் கல்லறையருகே பல வாரங்கள் தங்கிச் செபித்தார். ஒரே அப்போஸ்தலரின் கால்பட்ட மண் அது, இதுவும் அதுவே.

1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் அக்கரையினின்று இக்கரைக்கு அகதிகளாய் வந்தோர் மூன்று லட்சத்திற்கும் மேற்பட்டோர். தலைமன்னாரில் படகேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்தனர். அவர்களுக்கான மறுவாழ்வுத் துறையின் அலுவலகம் நம் பங்கிற்கு அடுத்த சேப்பாக்கத்து எழிலக வளாகத்தில் இருப்பதை நம்மில் பலர் அறியோம்.

போரும் மேய்ப்பரும்

மன்னார் மறைமாவட்டம் 1981-இல் யாழ்ப்பாணத்தினின்று பிரிந்து உருவாயிற்று. நான்கே ஆண்டுகளில், 1985 ஜனவரியில், வங்காலைப் பங்குத்தந்தை அருட்திரு மேரி பஸ்தியான் அடிகளார் தம் பங்கிலேயே கொல்லப்பட்டார். அவரது உடல் கிடைக்கவில்லை. 1999 நவம்பர் 20 அன்று, மடுத் திருப்பதியில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள்மேல் எறிகணைகள் விழுந்து ஏறக்குறைய நாற்பது பேர் மாண்டனர்.

தமிழரின் துயரை மட்டும் கூறி நின்றுவிட்டால் நாம் உண்மைக்குத் துரோகம் செய்தவர்களாவோம். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் மன்னார் உள்ளிட்ட வடபகுதியினின்று சுமார் 75,000 முஸ்லிம் மக்களை வெளியேற்றினர். பெரிய மசூதியின் தொழுகை அழைப்பைக் கேட்டு வாழும் திருவல்லிக்கேணி மக்களாகிய நாம், ஓர் ஊர் தன் அயலாரை இவ்வாறு இழப்பது எத்தகையது என்று எண்ணிப் பார்க்கலாம். சிறுவர்களைப் போருக்கு இழுத்த பாவமும் அவ்வியக்கத்தைச் சாரும். மேலும், 1980-களின் இறுதியில் தென்னிலங்கையில் சிங்களத் தாய்மாரும் தம் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் இழந்தனர். கண்ணீருக்கு இனமில்லை.

இக்கொடிய காலத்தில், 1992 முதல் 2016 வரை, மன்னார் ஆயராய் விளங்கியவர் மேதகு இராயப்பு யோசேப்பு ஆண்டகை. நெடுந்தீவில் 1940-இல் பிறந்தவர். அவர் வாளேந்தவில்லை, மேடைதோறும் முழங்கவுமில்லை. அவர் செய்தது கணக்குக் கேட்டது ஒன்றே.

1,46,679

2009 மே மாதத்தில் போர் முடிந்தது. 2010-இல் இலங்கை அரசு, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவை அமைத்தது. 2011 ஜனவரியில் அவ்வாணைக்குழு மன்னாருக்கு வந்தபோது, ஆயர் தம் குருக்கள் இருவருடன் சென்று ஓர் அறிக்கையை அளித்தார். அரசு அலுவலகங்களின் பதிவுகளின்படி 2008 அக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோர் 4,29,059 பேர். 2009 ஜூலை 10 வரை அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் 2,82,380 பேர். எஞ்சிய 1,46,679 பேர் என்ன ஆனார்கள்?

இத்தனை பேரும் இறந்தனர் என்று ஆயர் கூறவில்லை. இவர்களுக்குக் கணக்குக் கூறுங்கள் என்றே கேட்டார். ஆபேல் எங்கே என்று ஆண்டவர் காயினைக் கேட்டதும் இவ்வாறான ஒரு கேள்வியே. ஆயரைத் தேடி விசாரணை அதிகாரிகள் வந்தனர். கேள்விக்கு விடை வரவில்லை. 2021 ஏப்ரல் 1 அன்று, பெரிய வியாழனன்று, அவர் இறைவனடி சேர்ந்தார்.

காணாமற்போனோரில் குருக்களும் உளர். அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் 2006 ஆகஸ்டில் காணாமற்போனார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபரான பிரான்சிஸ் யோசேப்பு அடிகளார், 2009 மே 18 அன்று, சரணடைந்தோருடன் இராணுவத்திடம் சென்றார், திரும்பவில்லை.

இறந்தோர் மாதமாகிய நவம்பரில் நாம் பெயர் எழுதிப் பூசைக்குக் கொடுக்கிறோம். காணாமற்போனவனின் தாய் என்ன செய்வாள்? இறந்தோர் பட்டியலில் எழுதினால் நம்பிக்கையைத் தானே புதைத்தது போலாகும். எழுதாவிடில் ஆன்ம இளைப்பாற்றி மறுத்தது போலாகும். சட்டம் மௌனமாயிருக்கும் வரை அவளது செபமும் பாதியில் நிற்கிறது.

சட்டம் செய்தவையும் செய்யாதவையும்

சட்டம் ஒன்றுமே செய்யவில்லை என்பது நேர்மையாகாது. 2016-இல் காணாமற்போனோர் அலுவலகச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டில், மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் வழங்கவும் வழி செய்யப்பட்டது. இழப்பீட்டுக்கான அலுவலகச் சட்டம் 2018-இல் வந்தது.

ஆனால் சட்டம் ஏட்டில் இருப்பது வேறு. நீதி வீட்டுக்கு வருவது வேறு. 2000 டிசம்பரில் மிருசுவிலில் எட்டுப் பொதுமக்களைக் கொன்ற வழக்கில் ஓர் இராணுவ அதிகாரிக்கு 2015-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதியின் பொது மன்னிப்பில் அவர் விடுதலையானார். திருச்சபை மரண தண்டனையை ஏற்பதில்லை. எனினும் உயிர்த் தண்டனையை நீக்குவது ஒன்று. குற்றத்தையே துடைத்தெறிவது மற்றொன்று. பாவசங்கீர்த்தனத்தில்கூட மனஸ்தாபமும் பரிகாரமும் இன்றி மன்னிப்பு நிறைவு பெறுவதில்லையே!

உண்மையைத் தேடப் பொறுமையும் வேண்டும். 2018-இல் மன்னார் நகரில் முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் தோண்டியெடுக்கப்பட்டன. இவை போர்க்காலத்தவை என்றே பலரும் எண்ணினர். அமெரிக்க ஆய்வுக்கூடத்தின் கரிமச் சோதனையோ, சோதித்த மாதிரிகள் 15 முதல் 17-ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவை என்றது. மாறாக, 1999-இல் 15 உடல்களோடு நின்றுபோன யாழ்ப்பாணத்துச் செம்மணியில், 2025-இல் மீண்டும் தோண்டியபோது 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவற்றில் குழந்தைகளுடையவையும் உண்டு. உண்மை நம் விருப்பத்திற்கு வளையாது. நம் மறதிக்கும் பணியாது.

நிலம் திரும்பிய நாள்

ஜூபிலியின் அடையாளம் நிலம் திரும்புதல் என்றோம். மன்னாரின் தெற்கே முள்ளிக்குளம் என்னும் கத்தோலிக்கக் கிராமம் உண்டு. 2007-இல் அம்மக்கள் வெளியேற்றப்பட்டு, கடற்படை அங்கே தளம் அமைத்தது. ஆயரும் குருக்களும் ஆண்டுக்கணக்கில் மனுச் செய்தனர். 2017 மார்ச்சில் மக்கள் வீதியோரம் அமர்ந்து இரவு பகலாய்ப் போராடினர். அடுத்த மாத இறுதியில் 100 ஏக்கரை விடுவிக்கக் கடற்படை இசைந்தது. முழு ஊரும் திரும்பவில்லை. எனினும் கல்லெறியாது, வசைபாடாது, கேட்டுக்கொண்டேயிருந்ததால் கிடைத்த 100 ஏக்கர் அது.

நம் கடமை

அமைதி வேண்டுமாயின் நீதிக்கு உழைக்க வேண்டும் என்பதே 1972-ஆம் ஆண்டு உலக அமைதி நாளுக்குத் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் வழங்கிய கருப்பொருள். அது நமக்கும் உரியது. 2021-இல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றி, 317 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டங்களை அறிவித்தது. பெயர் மாறியது நன்று. ஆனால் அங்கே பிறந்து, இங்குள்ள பள்ளிகளில் பயின்று, இன்னும் எந்நாட்டின் குடிமகன் என்று கூறவியலாத இளைஞர் பலர் உளர். நம் வின்சென்ட் தே பவுல் சபையினரும் இளைஞர் இயக்கத்தினரும் அவர்களைச் சந்தித்து, சான்றிதழ் பெறுவது முதல் கல்லூரியில் சேர்வது வரை துணை நின்றால், நம் ஜூபிலி விவிலிய ஜூபிலியாகும்.

இவ்வாண்டு நவம்பரில் இறந்தோருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கையில், எப்பட்டியலிலும் எழுதப்படாத பெயர்களுக்காகவும், அவர்களைத் தேடி முதுமையடையும் தாய்மாருக்காகவும் ஒரு மன்றாட்டைச் சேர்ப்போம். மனிதர் கணக்கில் விடுபட்டோர் இறைவனின் கணக்கில் விடுபடார்.