வால்வு பிறி-அம்பிளிபயர்: வாங்குவதற்கு முன் அறிய வேண்டிய வரலாறு



பழைய இசைத்தட்டுகளைக் கேட்பதற்கு வால்வு பிறி-அம்பிளிபயர் வாங்க விரும்பும் நேயர்கள் சிலர், எதை வாங்கலாம் என்று எங்களைக் கேட்டிருக்கிறார்கள். விலைப்பட்டியலைப் புரட்டுவதற்கு முன் அதன் வரலாற்றைப் பார்த்துவிடுவது நல்லது. பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

ஊரில் வால்வு றேடியோவைப் போட்டவுடன் அது பாடாது, சூடேறும் வரை காத்திருக்க வேண்டும் என்பது எங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். வால்வு என்பது காற்று அகற்றப்பட்ட கண்ணாடிக் குமிழ். உள்ளே இருக்கும் கதோட்டு சூடானால்தான் அதிலிருந்து இலத்திரன்கள் வெளிப்படும். 1904 இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஜோன் அம்புறோஸ் பிளெமிங் இரு மின்வாய்கள் கொண்ட வால்வை உருவாக்கினார். அது மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டுமே செல்லவிட்டது. 1906 இல் அமெரிக்கரான லீ டி பொறெஸ்ற் அதற்குள் மூன்றாவது மின்வாய் ஒன்றைச் சேர்த்தார். அதற்குக் கொடுக்கப்படும் சிறிய மின்னழுத்தம் பெரிய மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தியது. மெல்லிய ஒலியைப் பெரிதாக்க வழி பிறந்தது இதனால்தான்.

இசைத்தட்டின் ஊசியிலிருந்து, சாதாரண காந்தவகைக் காட்றிஜ் மூலம் வருவது ஏறத்தாழ 5 மில்லிவோல்ற் மட்டுமே. அதைச் சுமார் நூறு மடங்கு பெருக்கிக் கொடுப்பது பிறி-அம்பிளிபயரின் முதல் வேலை. இரண்டாவது வேலை பலருக்குத் தெரியாது. தட்டுகளை வெட்டும்போது தாழ்ந்த சுரங்களைக் குறைத்தும் உயர்ந்த சுரங்களைக் கூட்டியும் பதிவார்கள். கேட்கும்போது அதை நேர்மாறாகத் திருப்ப வேண்டும். ஆரம்பத்தில் ஒவ்வொரு கம்பனியும் தனித்தனி அளவைப் பின்பற்றியது. 1954 இல்தான் ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற பொது அளவு வந்தது.

1947 இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பனி 12ஏஎக்ஸ்7 என்ற வால்வை வெளியிட்டது. ஐரோப்பாவில் அதன் பெயர் ஈசிசி83. ஒரே குமிழுக்குள் இரண்டு பெருக்கிகள் கொண்ட இது பிறி-அம்பிளிபயருக்கு மிகவும் பொருந்தியது. புகழ்பெற்ற மராண்ட்ஸ் 7 என்ற பிறி-அம்பிளிபயரில் இந்த வால்வுகள் ஆறு இருந்தன. ஆனால் அதே 1947 டிசம்பரில் பெல் ஆய்வுகூடத்தில் திரான்சிஸ்டர் பிறந்துவிட்டது. 1970களில் வீட்டு இசைக்கருவிகளில் திரான்சிஸ்டரே நிறைந்தது. மேற்கு நாடுகளின் பெரிய வால்வுத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக உற்பத்தியை நிறுத்தின. 12ஏஎக்ஸ்7 மட்டும் அழியவில்லை. கிற்றார் வாசிப்பவர்கள் தங்கள் அம்பிளிபயர்களுக்கு அதைத் தொடர்ந்து வாங்கியதே முக்கிய காரணம்.

இன்று வால்வுகள் பெரும்பாலும் ரஷ்யா, சீனா, ஸ்லோவாக்கியா ஆகிய நாடுகளிலிருந்தே வருகின்றன. 2022 இல் உக்ரேன் போர் தொடங்கியதும் ரஷ்ய வால்வுகளின் ஏற்றுமதி தடைப்பட்டது. கடைகளில் தட்டுப்பாடு வந்தது, விலையும் ஏறியது. எங்கோ நடக்கும் போர் வீட்டுக்குள் வரும் விதத்தை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கணக்காளன் என்ற முறையில் நான் சொல்வது இதுதான்: வாங்கும் விலையை மட்டும் பார்க்காதீர்கள், வைத்திருக்கும் செலவையும் பாருங்கள். வால்வு தேயும் பொருள். 12ஏஎக்ஸ்7 போன்ற, பலர் தயாரிக்கும் வால்வைப் பாவிக்கும் கருவியை எடுங்கள். பழைய கையிருப்பில் மட்டும் கிடைக்கும் அரிய வால்வு எவ்வளவு அழகாகப் பாடினாலும், மாற்ற வேண்டிய நாளில் கையைக் கடிக்கும். இசைத்தட்டுக்கான போனோ உள்வாயில் இருக்கிறதா என்று கேளுங்கள். எல்லாக் கருவிகளிலும் அது இருக்காது. வேறு நாட்டிலிருந்து பழையதைத் தருவித்தால் 120 வோல்ற்றா 230 வோல்ற்றா என்று பாருங்கள். உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ற் ஓடுகிறது. நிறுத்திய பின்னும் மின்தேக்கியில் மின் தங்கியிருக்கும் என்பதால், தெரியாதவர்கள் மூடியைத் திறக்க வேண்டாம்.

கருவி வந்ததும், ஊரிலிருந்து காப்பாற்றிக் கொண்டுவந்த தட்டுகளை ஒருமுறை போட்டு, அப்படியே கணினியிலும் பதிந்துவிடுங்கள். வால்வை மறுபடி வாங்கலாம். அந்தத் தட்டுகளில் பலவற்றை மறுபடி வாங்க முடியாது.