காசைப் படமெடுத்த கதை



பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். அவர் தாத்தா சேர்த்த பழங்காசுகளை மூன்று வீட்டுக்கும் பிரிக்கப் போகிறார்களாம். அதற்குமுன் எல்லாவற்றையும் படமெடுக்க எந்த டிஜிட்டல் கேமரா வாங்கலாம் என்று கேள்வி. பிரித்த பிறகு அந்தத் தொகுப்பு படத்தில் மட்டும்தான் முழுசாக இருக்கும். ஆகவே, சரித்திர வாத்தியார் வழக்கப்படி கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்கத்தா நாணயச் சாலையில் உலோகத் தரம் சோதிக்கும் அதிகாரியாக இருந்தவர் ஜேம்ஸ் பிரின்செப். பழங்காசுகளைத் தன் கையாலேயே வரைந்து பதிப்பித்தார். 1837-இல் அவர் பிராமி எழுத்தைப் படித்ததற்குக் காசுகளும் துணை செய்தன. ஆனால் கையால் வரைவதில் ஓர் ஆபத்து உண்டு. புரியாத எழுத்தைத் தனக்குத் தெரிந்த வடிவத்துக்கு இழுத்துவிடும் கை.

புகைப்படம் வந்ததும் தீர்ந்ததா? இல்லை. உலோகம் பளபளக்கும், மேடு வெளுத்து, பள்ளம் கறுத்துப் போகும். அதனால் பிரிட்டிஷ் மியூசியம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளியிட்ட கிரேக்க நாணயப் பட்டியல்களுக்குக் காசை நேரே படமெடுக்கவில்லை. பிளாஸ்டரில் அச்செடுத்து, அந்த அச்சைப் படமெடுத்தார்கள். எழுத்து தெளிவு, ஆனால் செம்பா வெள்ளியா என்று படம் சொல்லாது!

பிலிம் காலத்தில் லென்சுக்குப் பின்னால் வளையம் மாட்டி நெருங்குவோம். 36 படமும் கழுவி வந்த பிறகுதான் எது மங்கல் என்று தெரியும்.

1999-இல் நிகான் கூல்பிக்ஸ் 950 வந்தது. 2 மெகாபிக்சல்தான். ஆனால் 2 செ.மீ. வரை நெருங்கும், உடம்பு நடுவில் திருகும், எடுத்த படம் உடனே திரையில் தெரியும். சிறு பொருள் சேர்ப்பவர்களுக்கு அது பெரிய விடுதலை. 2002-இல் வந்த 4500-உம் அதே ஜாதி.

தம்பி, மெகாபிக்சலைப் பார்த்து மயங்காதே. 2 செ.மீ. நெருங்கும் கேமராவின் நிழல் காசின் மேலேயே விழும். இன்றைய போன்களிலும் அதே கதைதான். லென்ஸ் மாற்றக்கூடிய பழைய கேமரா ஒன்றும், 90 அல்லது 100 மி.மீ. மேக்ரோ லென்சும் செகண்ட் ஹேண்டில் வாங்கு. அரைச் சாணுக்குமேல் இடைவெளி கிடைக்கும், விளக்கு உள்ளே வரும். ஸ்டாண்ட் கட்டாயம்.

தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1980-களில் கண்டு சொன்ன ‘பெருவழுதி’ காசை நினைத்துப் பார். தேய்ந்த செம்பில் தமிழ் பிராமி எழுத்துகள், மயிரிழை மேடு. நேர் வெளிச்சத்தில் அப்படிப்பட்ட மேடு மறைந்துவிடும். விளக்கைத் தாழ்வாக, பக்கவாட்டில் வை. காசைத் திருப்பித் திருப்பி நாலு திசையிலிருந்தும் எடு. பக்கத்தில் ஓர் அளவுகோல், எடையையும் குறித்துக்கொள்.

இன்னொன்று. படம் பளிச்சென்று வரட்டும் என்று யாராவது புளி போட்டுத் தேய்த்துவிடப் போகிறார்கள். அந்தப் பெட்டியை இன்றைக்கே சமையலறைப் பக்கத்திலிருந்து எடுத்து பீரோவில் வை.