செப்புக் குமிழின் கதை

ஜீன்ஸ் பையின் மூலையில் உள்ள செப்புக் குமிழை வெறும் அலங்காரம் என்றே நான் வெகுநாள் எண்ணியிருந்தேன். அது உழைப்பாளிக்காகப் பிறந்தது.

அமெரிக்காவின் ரீனோ நகரத் தையற்காரர் ஜேக்கப் டேவிஸிடம், விறகுவெட்டி ஒருவரின் மனைவி தன் கணவருக்குக் கிழியாத கால்சட்டை கேட்டார். குதிரைப் போர்வைக்கு வார் பொருத்த வைத்திருந்த ரிவெட்டை எடுத்து, பைகளின் மூலைகளில் அடித்துக் கொடுத்தார் டேவிஸ். காட்டு வேலைக்கு அது ஈடுகொடுத்தது. மற்ற தொழிலாளர்களும் தேடி வந்தார்கள்.

காப்புரிமை பெறக் கையில் பணமில்லை. 1872இல், தனக்குத் துணி விற்றுவந்த சான் பிரான்சிஸ்கோ வியாபாரி லெவி ஸ்ட்ராஸுக்குக் கடிதம் எழுதிக் கூட்டுச் சேர்ந்தார். 1873 மே 20 அன்று காப்புரிமை கிடைத்தது.

பின்பக்கக் குமிழ்கள் நாற்காலியையும் குதிரைச் சேணத்தையும் கீறின. 1937இல் அவற்றைத் துணிக்குள் மறைத்தார்கள். தைத்தவருக்குப் பாடம் சொன்னவர்கள், அதை உடுத்தி உழைத்தவர்களே.