விஷவாயு தாக்கி: ஒரு பதிவேட்டின் வரலாறு

'விஷவாயு தாக்கி இருவர் பலி.' தமிழ்ச் செய்தித்தாள் வாசிக்கும் எவருக்கும் இந்தத் தலைப்பு பழகிப்போச்சு. இதன் இலக்கணம் கவனத்திற்குரியது. தாக்கியது வாயு, பலியானவர் இருவர். 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலையே கொண்டு முடிய வேண்டும் என்பது தொல்காப்பியர் காலத்து விதி. இங்கே எச்சத்துக்கு ஒரு எழுவாய், முடிபுக்கு வேறொரு எழுவாய். எச்சத்திரிபு என்று சொல்லி இலக்கணம் சமாதானமாகிவிடும். ஆனால் வாக்கியத்துக்குள் வந்திருக்கவேண்டிய மூன்றாவது ஆள், அதாவது அவர்களைக் குழிக்குள் இறக்கியவர், எந்த வேற்றுமை உருபையும் ஏற்காமல் நழுவிவிடுகிறார். வேலையிடக் காயங்களைப் பற்றிய நம் பதிவேடுகளின் வரலாறும் ஏறக்குறைய இந்த வாக்கியம்தான்.

சென்னைக் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. அது வாங்கிய சொத்தில் முக்கியமானது நிலத்தடிக் குழாய்கள். நகரத்தின் பாதாளச் சாக்கடை 1910 வாக்கில் வடிவமைக்கப்பட்டபோது, 1961இல் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு 114 லிட்டர் தண்ணீர் செலவாகும் என்று வெள்ளைக்காரப் பொறியாளர்கள் கணக்குப் போட்டார்கள். 1961 வந்தபோது மக்கள்தொகை 17 லட்சத்தைத் தாண்டியிருந்தது. தாங்கமுடியாத குழாயில் கழிவு தேங்கும்; தேங்கிய கழிவில் காற்று இல்லாத இடத்தில் ஹைட்ரஜன் சல்பைடு உருவாகும்; நம் ஊர் வெயிலில் இன்னும் வேகமாக. இந்த வாயு காற்றைவிடக் கனமானது, குழியின் அடியில் தங்கும். கொஞ்சம் இருந்தால் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அளவு கூடினால் மோப்ப நரம்பே செயலிழந்துவிடும், வாடை தெரியாது. 'நாத்தம் இல்லே, இறங்கலாம்' என்று ஒருவர் சொல்லும் நொடிதான் மிக ஆபத்தான நொடி. அடைப்பை எடுக்கும்போது தேங்கியதெல்லாம் ஒரேயடியாகக் கிளம்பும். முதலில் இறங்கியவரைத் தூக்க இறங்குபவரும் மயங்குவது இதனால்தான். தலைப்பில் 'ஒருவர்' என்பதைவிட 'இருவர்', 'மூவர்' அடிக்கடி வருவதற்கும் இதுவே காரணம்.

இதெல்லாம் சட்டத்துக்குத் தெரியாத விஷயமா? இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஆம் பிரிவு இதையேதான் பேசியது. ஆபத்தான வாயு இருக்கக்கூடிய அறை, தொட்டி, குழி, குழாய் எதற்குள்ளும் உரிய முன்னெச்சரிக்கை இல்லாமல் யாரையும் இறக்கக் கூடாது. 88ஆம் பிரிவின்படி, உயிர் போனாலோ, காயத்தால் 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வரமுடியாமல் போனாலோ அரசுக்கு அறிவிக்க வேண்டும். இன்னும் வேடிக்கை, இச்சட்டத்தின் 'உற்பத்திச் செயல்முறை' என்னும் வரையறைக்குள் எண்ணெய், தண்ணீர் இறைப்பதோடு சாக்கடை நீர் இறைப்பதும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருந்தது. ஆகவே போதிய ஆட்களோடு இயங்கும் கழிவுநீர் உந்து நிலையம் ஒரு தொழிற்சாலை. அதற்குள் ஒருவர் கை ஒடிந்தால் அது பதிவேட்டில் ஏறவேண்டும். அந்த நிலையத்துக்குக் கழிவைக் கொண்டுவரும் குழாயில், நூறு அடி தள்ளித் தெருவில் உள்ள மேன்ஹோலில் ஒருவர் மயங்கி விழுந்தால்? தெரு தொழிற்சாலை இல்லை. கேட்டுக்கு உள்ளே இருப்பவர் தொழிலாளி, வெளியே இருப்பவர் பிராந்து எடுக்க வந்த ஆள். 1948இன் சட்டம் போய், அதை உள்வாங்கிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. ஆனால் இதுவரையிலான பதிவேடுகள் எல்லாம் அந்தப் பழைய கேட்டின் நிழலில் எழுதப்பட்டவை, அல்லது எழுதப்படாதவை.

இங்கே காயவிகிதம் என்னும் கணக்கைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்தியத் தர நிர்ணயம் 3786 சொல்லும் முறைப்படி, வேலையிழப்புக் காயங்களின் எண்ணிக்கையைப் பத்து லட்சத்தால் பெருக்கி, உழைத்த மொத்த மணி நேரங்களால் வகுக்க வேண்டும். கடுமை விகிதத்துக்கு இழந்த நாட்களை எண்ணுவார்கள். ஒரு மரணத்துக்கு 6000 வேலைநாட்கள். ஒரு மனிதனின் மிச்ச ஆயுள் இப்படி ஒரு முழு எண்ணாகச் சுருங்குவதைக் கண்டு நமக்கு அருவருப்பு வரலாம். புள்ளிவிவரம் என்பதே அதிகாரத்தின் கண் என்று ஃபூக்கோ வழியாகக் கற்றுக்கொண்ட தலைமுறை நாம். ஆனால் நான் இதில் கொஞ்சம் வேறுபடுகிறேன். எண்ணப்படுவது மட்டுமல்ல, எண்ணப்படாமல் விடப்படுவதும் அதிகாரத்தின் வேலைதான். 6000 நாட்கள் என்னும் அந்த அவமானகரமான எண்கூடச் சாக்கடைத் தொழிலாளிக்குக் கிடைத்ததில்லை.

ஏனென்றால் வகுக்கும் எண்ணே இல்லை. உழைத்த மணி நேரம் தெரியவேண்டுமானால் மஸ்டர் ரோலில் பெயர் இருக்கவேண்டும். வாரியம் காண்ட்ராக்டரிடம் கொடுக்கும், அவர் இன்னொரு மேஸ்திரியிடம், மேஸ்திரி காலையில் தெருமுனையில் நிற்கும் ஆட்களிடம். நிரந்தரப் பணியாளர்கள் குறையக் குறைய வாரியத்தின் சொந்தப் பதிவேட்டில் காயங்கள் குறைவது இயல்பு. ஆபத்து குறையவில்லை, பெயர்தான் வேறு பதிவேட்டுக்கு, பெரும்பாலும் பதிவேடே இல்லாத இடத்துக்குப் போயிருக்கிறது. பகுப்பதற்கு எண் இல்லாத இடத்தில் விகிதம் இல்லை, மரணங்களின் மொத்தத் தொகை மட்டும்தான் இருக்கும். அதையும் எண்ணத் தொடங்கியது அரசல்ல. சஃபாய் கர்மசாரி அந்தோலன் மாநிலம் மாநிலமாகப் பெயர்ப்பட்டியல் தொகுத்தது. திவ்யபாரதியின் 'கக்கூஸ்' 2017இல் கேமராவோடு போய் அதையே செய்தது, அதற்காக அவர் வழக்குகளைச் சந்தித்தார்.

உச்ச நீதிமன்றம் 2014 மார்ச் 27 அன்று, 1993 முதல் இப்படி இறந்த எல்லோருடைய குடும்பங்களையும் கண்டறிந்து தலா 10 லட்சம் ரூபாய் தரச் சொன்ன பிறகுதான் மாநில அரசுகள் பின்னோக்கி எண்ண ஆரம்பித்தன. அந்தக் கணக்கில் தமிழ்நாடு நாட்டிலேயே முதலிடம், 200க்கும் மேல். இதைப் படித்து வெட்கப்படுவது சரி. ஆனால் இங்கே கேட்டு வாங்கும் அமைப்புகள் இருந்ததால் எண் கூடியது என்பதையும், சைபர் காட்டும் மாநிலங்களை நம்பவேண்டியதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2021இல் மத்திய அரசு நாடாளுமன்றத்தில், மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்றது. சாக்கடை, செப்டிக் டேங்க்குகளின் 'அபாயகரமான துப்புரவில்' இறந்தவர்கள் 941 பேர் என்றும் சொன்னது. ஒரே பிணம், இரண்டு பத்தி. ஒரு பத்தியில் சைபர் வருவதற்காகவே இன்னொரு பத்தி. 2024இல் வெளிவந்த அரசுக் கணக்கெடுப்பில், விவரம் திரட்டப்பட்ட சுமார் 38,000 சாக்கடைத் தொழிலாளர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் பட்டியல் சாதியினர். 'விபத்து' என்ற சொல் தற்செயலைக் குறிக்கிறது. இந்த விகிதத்தில் தற்செயல் எங்கே இருக்கிறது?

சென்னையின் மேற்கு விளிம்பில் ஐயப்பன்தாங்கலுக்கு வந்தால் இந்தப் பத்திகள் நிலத்தின் மேலேயே வரையப்பட்டிருப்பதைக் காணலாம். 2011இல் மாநகராட்சி விரிந்தபோது போரூர் உள்ளே போனது. அடுத்திருந்த ஐயப்பன்தாங்கல் ஊராட்சியாக வெளியே நின்றது. ஆனால் பூந்தமல்லி சாலையின் இருபுறமும் எழும்பிய அடுக்ககங்கள் இந்தக் கோட்டைப் பார்த்து எழும்பவில்லை. பாதாளச் சாக்கடை இல்லாமல் அடுக்ககம் என்றால் செப்டிக் டேங்க், டேங்க் என்றால் தனியார் லாரி. நகரத்துக்குள் நடந்தால் வாரியத்திடம் கேள்வி கேட்கலாம். இந்தப் பக்கம் நடந்தால் வேலை கொடுத்தவர் யார்? வீட்டுக்காரரா, அசோசியேஷனா, லாரிக்காரரா? இதே நெடுஞ்சாலையில் இன்னும் மேற்கே, ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு குடியிருப்பின் தொட்டியில் 2019 மார்ச் 26 அன்று ஒரே குடும்பத்தின் மூவர் உட்பட ஆறு பேர் ஒருவரைக் காப்பாற்ற ஒருவராக இறங்கி இறந்தார்கள். எந்த நிறுவனத்தின் பாதுகாப்புப் பதிவேட்டிலும் ஏறாத ஆறு.

இனி எதிர்ப்பக்கம். 'பாடம்' இதழாசிரியர் அ. நாராயணன் தொடர்ந்த பொதுநல வழக்கில், 2008 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் குழிகளுக்குள் மனிதர்களை இறக்குவதற்கு இடைக்காலத் தடை விதித்தது. வாரியம் இயந்திரங்கள் பக்கம் திரும்பியதற்கு இந்த வழக்கின் அழுத்தமும் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. 2013இன் மத்தியச் சட்டம் நேரடியாகவோ மறைமுகமாகவோ யாரையும் ஈடுபடுத்தக் கூடாது என்றது. 'மறைமுகமாக' என்ற அந்த ஒரு சொல் மேஸ்திரி வரை போய்ப் பிடிக்கக்கூடியது. முதல் குற்றத்துக்கு இரண்டு ஆண்டுவரை சிறை. அதன் விதிகள் சில விலக்குகளை வைத்தன. புதிய குழாயைப் பழையதோடு இணைப்பது, கிணற்றிலிருந்து மூழ்கு மோட்டாரை எடுப்பது போன்றவை. தவிர்க்கவே முடியாத வேறு சூழலில் தலைமைச் செயல் அலுவலர் காரணத்தை எழுத்தில் பதிந்து அனுமதி தர வேண்டும். அதாவது சட்டப்படி பார்த்தால் 2013 டிசம்பருக்குப் பிறகு அப்படி ஒரு மனிதன் இறங்கிய ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு கோப்பு இருந்தாக வேண்டும். நகராட்சி வாரியாக இந்தக் கோப்புகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பது, மரணங்களை எண்ணுவதைவிடக் கூடுதல் பயன் தரும் என்று எனக்குத் தோன்றுகிறது. கோப்பு இருந்தால் அது காயவிகிதத்துக்கான முதல் தரவு. இல்லையென்றால் இறக்கமே குற்றம்.

2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் மரணத்துக்கான தொகையை 30 லட்சமாக உயர்த்தியதோடு, முதன்முறையாக உயிரோடு வெளியே வந்தவர்களையும் கணக்கில் எடுத்தது. பிழைப்புக்கே வழியில்லாமல் செய்யும் நிரந்தர ஊனத்துக்குக் குறைந்தது 20 லட்சம், மற்ற ஊனங்களுக்குக் குறைந்தது 10 லட்சம். மயங்கித் தூக்கப்பட்டு நினைவு தடுமாறிப் போனவர், கண்ணாடிச் சில்லு கிழித்த கால் ஆறாமல் போனவர், எலிக்காய்ச்சலில் சிறுநீரகம் போனவர் எல்லோரும் இதைக் கேட்கலாம். கேட்க வேண்டுமானால், அன்றைக்கு அந்தக் குழியில் அவர் இருந்தார் என்பதற்கு ஒரு காகிதம் வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டில் பெரும்பாலும் 'மயக்கம்' என்றுதான் இருக்கும். மேஸ்திரி கொடுத்த கூலிக்கு ரசீது கிடையாது.