ஆப்கானில் அந்நியர் தலையீடு

1978 ஏப்ரலில் காபூலில் ஆட்சியைக் கைப்பற்றிய கம்யூனிஸ்டுகள், மக்களின் மரபையும் சமய உணர்வையும் மதியாது சீர்திருத்தங்களைத் திணித்தனர். 1979 மார்ச்சில் ஹெராத் கிளர்ந்தெழுந்தது. ஜூலையில் அமெரிக்க அதிபர் கார்ட்டர் கிளர்ச்சியாளர்க்கு மறைமுக உதவியளிக்க ஒப்பமிட்டார். டிசம்பரில் நுழைந்த சோவியத் படைகள், தாம் காக்க வந்த ஆட்சியின் தலைவர் ஹஃபீஸுல்லாஹ் அமீனையே கொன்று, பப்ரக் கர்மாலை அமர்த்தின.

அமெரிக்க, சவூதிப் பணம் பாகிஸ்தான் உளவுத்துறை வழியே சென்றது. எக்குழுவுக்கு எவ்வளவு என்பதை அத்துறையே முடிவு செய்தமையால், முஜாஹிதீன்களிடையே பிளவு ஆழமாயிற்று. 50 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அகதிகளாயினர்.

1989 பிப்ரவரி 15இல் சோவியத் படைகள் முற்றாக வெளியேறின. ஆயுதங்களோ அங்கேயே தங்கின. 1992இல் நஜீபுல்லாஹ் ஆட்சி வீழ்ந்தபின், அவற்றைக் கொண்டே சகோதரர்கள் தம்முள் பொருது காபூலைச் சிதைத்தனர்.