ஹேண்ட்ஸம் சாலரின்னா எவ்ளோ சார்?

ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போனால், பிள்ளைப்பாக்கம் சிப்காட் பக்கம் ஒரு நிமிடம் வண்டியை ஓரங்கட்டி அங்கிருக்கும் மின்கம்பங்களைப் படித்துப் பாருங்கள். 'அர்ஜென்ட்!', 'கோல்டன் சான்ஸ்!', 'அட்ராக்டிவ் இன்சென்டிவ்!', 'ஹேண்ட்ஸம் சாலரி!' என்று எல்லாம் ஆச்சரியக்குறிதான். கீழே ஒரு செல்போன் நம்பர். அந்த நோட்டீஸ் முழுக்க இருக்கும் ஒரே எண் அதுதான்!

அங்கே ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். ஐ.டி.ஐ. முடித்த பையன் ஒருவன், தோளில் பையோடு, நோட்டீஸைக் காட்டிக் கேட்டான். "சார், ஹேண்ட்ஸம் சாலரின்னா எவ்ளோ சார்?"

நான் பி.காம். கூட்டுவட்டி கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இதற்கு முழித்தேன். "ஹேண்ட்ஸம்னா அழகு... அழகான சம்பளம்" என்று சமாளித்தேன்.

"அழகு சரி சார். எவ்ளோ?"

விடமாட்டேன் என்கிறான்!

இந்த 'ஹேண்ட்ஸம்' ஆதியில் அழகே இல்லை. 'கைக்கு வாகானது' என்பதுதான் முதல் அர்த்தம். அப்புறம்தான் 'பொருத்தமானது', 'தாராளமானது', 'அழகானது' என்றெல்லாம் ஊதிப் பெருத்தது. 'டெரிஃபிக்' என்றால் நடுங்க வைப்பது என்று அர்த்தம். இன்றைக்கு சாம்பாரே டெரிஃபிக்! 'ஃபேபுலஸ்' என்றால் கட்டுக்கதைக்குரியது. இன்றைக்குப் பட்டுப்புடவை ஃபேபுலஸ். 'ஆஃபுல்' என்பது பயபக்தி ஊட்டும் பெரிய விஷயங்களுக்கான வார்த்தை. அது 'படுமோசம்' ஆகிவிட்டது. ஆனால், 'ஆஃபுலி நைஸ்' என்றால் 'ரொம்ப நல்லது'!

நாம் மட்டும் சும்மாவா? 'பயங்கர அழகு' என்கிறோம். 'பிரமாதம்' என்கிறோமே, அது வடமொழியில் கவனக்குறைவு, தவறு! பள்ளிக்கூடத்தில் படித்த உயர்வு நவிற்சி அணியைப் புலவர்கள் செய்யுளில் வைத்தார்கள். நாம் காபி டம்ளரில் வைத்துவிட்டோம்.

நோட்டு அதிகம் அச்சடித்தால் பணத்துக்கு மதிப்புக் குறையும் என்று பொருளாதாரத்தில் படித்தோம் இல்லையா? வார்த்தைக்கும் அதே கதைதான். எல்லாமே 'அர்ஜென்ட்' என்றால் எதுவுமே அவசரம் இல்லை.

வியாபாரத்தில் இப்படி மிகைப்படுத்துவதற்கு ஆங்கிலத்தில் 'பஃப்' என்று பெயர். அர்த்தம்? ஊதுவது! 1779-லேயே ஷெரிடன் தன் 'தி கிரிட்டிக்' நாடகத்தில் 'மிஸ்டர் பஃப்' என்று ஒரு விளம்பர ஆசாமியை மேடையேற்றிவிட்டார். அந்த ஆள் ஊதுவதில் ஐந்து வகை உண்டு என்று வகுப்பே எடுப்பார்.

ஊதலாம், தப்பில்லை. ஆனால், எதுவரைக்கும்? இதற்குப் பதில் ஒரு வழக்கில் கிடைத்தது. காமர்ஸ் படித்தவர்கள் யாரும் மறக்க முடியாத வழக்கு. 'கார்லில் எதிர் கார்பாலிக் ஸ்மோக் பால் கம்பெனி'.

1889-லிருந்து இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் ஐரோப்பாவை உலுக்கிக்கொண்டிருந்த நேரம். லண்டனில் ஒரு கம்பெனி, கார்பாலிக் பொடி நிரப்பிய ரப்பர் பந்து விற்றது. பந்தை அமுக்கினால் புகை மூக்குக்குள் போகும். ஜலதோஷம், ஆஸ்துமா என்று எல்லாம் பறந்துவிடுமாம்! 1891 நவம்பரில் கம்பெனி ஒரு விளம்பரம் கொடுத்தது. தினம் மூன்று வேளை, இரண்டு வாரம் எங்கள் பந்தைப் பயன்படுத்திய பிறகும் காய்ச்சல் வந்தால் 100 பவுன் பரிசு! நம்பிக்கை வருவதற்காக, அலையன்ஸ் பேங்கில் 1,000 பவுன் டெபாசிட் போட்டிருக்கிறோம் என்றும் சேர்த்துக்கொண்டார்கள்.

லூயிசா கார்லில் என்ற பெண்மணி பந்தை வாங்கினார். நவம்பர் 20-ல் ஆரம்பித்து, சொன்னபடி மூன்று வேளை இழுத்தார். 1892 ஜனவரி 17-ல் படுத்துவிட்டார். சாட்சாத் இன்ஃப்ளூயன்சா! 'எங்கே என் 100 பவுன்?' என்று கேட்டு அவருடைய கணவர் கடிதம் போட்டார். அந்தக் கணவர் சட்டம் படித்தவர் என்பது கம்பெனியின் கெட்ட நேரம்.

கோர்ட்டில் கம்பெனி சொன்ன பதில் என்ன தெரியுமா? 'அது சும்மா விளம்பரத்துக்கு ஊதினது. அதைப்போய் யாராவது நிஜம்னு எடுத்துப்பாங்களா?' 1892 டிசம்பரில் அப்பீல் கோர்ட்டின் மூன்று நீதிபதிகளும் கம்பெனிக்கு எதிராகவே தீர்ப்பளித்தார்கள். ஊதினது என்றால் பேங்கில் 1,000 பவுன் எதற்குப் போட்டாய்? அது ஊதல் இல்லை, வாக்குறுதி. எடு 100 பவுனை!

அந்தம்மா 1942 வரை, 96 வயது வாழ்ந்தார். கம்பெனிக்காரர் திருந்தினாரா? அடுத்த விளம்பரத்தில் பரிசை 200 பவுன் ஆக்கினார். கூடவே, நிபந்தனைகளையும் சேர்த்துவிட்டார்!

கவனியுங்கள். 'குணமாகும்', 'அற்புதம்' என்ற வார்த்தைகள் கம்பெனியைக் கட்டவில்லை. 100 என்ற எண்ணும், பேங்கில் கிடந்த டெபாசிட்டும்தான் கட்டின.

இது பிள்ளைப்பாக்கத்துக்கு ரொம்ப முக்கியம். இந்த வட்டாரத்துக்கே ஊதின பெயர்கள் உண்டு. சென்னையை 'இந்தியாவின் டெட்ராய்ட்' என்றோம். அசல் டெட்ராய்ட் நகரம் 2013 ஜூலையில் திவால் மனு கொடுத்துவிட்டது! 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை வந்தபோது, எத்தனை அடைமொழிகள்! ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் இளம் பெண்கள், யூனிஃபார்மோடு பஸ் ஏறினார்கள். வரித் தகராறில் மாட்டிய அந்த ஆலை, நோக்கியாவின் செல்போன் பிரிவு மைக்ரோசாஃப்ட்டுக்குப் போனபோது கைமாறாமல் தனியே நின்றது. 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றேபோனது. விருப்ப ஓய்வில் போனவர்கள் கையில் வந்தது ஒரு தொகை. 'வேர்ல்டு கிளாஸ்' என்ற அடைமொழியை எந்த பேங்கிலும் போட முடியவில்லை.

அந்தப் பையனிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. டீ ஆறிவிடும். "போன் போட்டு நாலே கேள்வி கேளு தம்பி. எட்டு மணி நேரத்துக்கு எவ்வளவு? ஓ.டி.க்கு எவ்வளவு? பி.எஃப். பிடித்தம் போக கையில எவ்வளவு? இதையெல்லாம் எழுத்துல தருவீங்களா?" என்றேன்.

அங்கேயே போன் போட்டான். நாலையும் கேட்டான். இரண்டு நிமிடத்தில் வைத்துவிட்டான்.

"என்னப்பா சொன்னாங்க?"

"நேர்ல வாங்க, சூப்பர் சாலரின்னாங்க சார். ஹேண்ட்ஸம் போய் சூப்பர் வந்துடுச்சு!"

சிரித்துக்கொண்டே பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்த மின்கம்பத்தைப் பார்க்க நடந்தான். நம்பர் சொல்கிற ஒருத்தர் கிடைக்கும் வரை அவன் நடப்பான் என்று எனக்குத் தோன்றியது.