பாதுகாப்பு உத்தரவை முடிப்பது யார்?

வீட்டுக்குள்ள நடக்குற அடி உதையை, அது குடும்ப விவகாரம்னு சட்டம் ரொம்ப காலம் கண்டுக்காம இருந்தது. 1983-ல்தான் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498ஏ பிரிவு சேர்ந்தது. அது கணவனையும் அவன் வீட்டாரையும் ஜெயிலுக்கு அனுப்புகிற வழி. "ஜெயில் வேணாம், அடிக்காம இருந்தா போதும், வீட்டை விட்டுத் துரத்தாம இருந்தா போதும்" என்று நினைத்த பெண்ணுக்கு அதில் பதில் இல்லை. நம்மில் பலர் அப்படித்தானே நினைக்கிறோம்!

அதற்காக வந்ததுதான் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம். 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. மாஜிஸ்திரேட் போடும் பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

உத்தரவு வாங்குவது பற்றி நம் கூட்டங்களில் பேசுகிறோம். முடிப்பது பற்றிப் பேசுவதில்லை. 25-ஆவது பிரிவின்படி, பாதிக்கப்பட்ட பெண்ணே "இனி வேண்டாம்" என்று மனு கொடுக்கும்வரை அந்த உத்தரவு நிற்கும். ஊர்ப் பெரியவங்க சமாதானம் பேசி வெள்ளைத்தாளில் எழுதி வாங்கினாலும் கோர்ட் உத்தரவு முடிஞ்சுடாது. மிரட்டிக் கையெழுத்து வாங்கியிருந்தா, மாஜிஸ்திரேட்டிடம் வாயைத் திறந்து சொல்லிடணும்.

முழுசா முடிக்கணும்னும் இல்லை. அடிக்கக் கூடாது என்ற பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு, பேசக் கூடாது என்ற பகுதியை மட்டும் தளர்த்தச் சொல்லியும் கேட்கலாம். சேர்ந்து வாழப் போகிற பெண்ணுக்கு இதுதான் நல்லதுன்னு எனக்குத் தோணுது. மனு எழுத இலவச சட்ட உதவி மையத்தில் வக்கீல் கிடைப்பாங்க. பெண்களுக்கு அங்கே ஃபீஸ் கிடையாது.

கணவனும் மனு போடலாம். ஆனால் நிலைமை மாறியிருக்குன்னு அவன் காட்டணும். மாற்றினால் மாஜிஸ்திரேட் காரணத்தை எழுதணும். இந்தச் சட்டத்தின் மற்ற உத்தரவுகளுக்கும் இதே விதிதான். கர்நாடகத்தில் ஒரு பெண்ணுக்கு 2015-ல் மாதம் 12,000 ரூபாய் ஜீவனாம்சமும் ஒரு லட்சம் இழப்பீடும் கிடைத்தது. பல வருஷம் கழித்து அவர் கணவர் அதை ரத்து செய்து, பணத்தையும் திருப்பித் தரச் சொல்லி மனு போட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. உத்தரவுக்குப் பிறகு ஏற்பட்ட மாற்றத்துக்குத்தான் 25-ஆவது பிரிவு, பழைய பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது என்று 2024 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது.